கதவில் நின்ற பதினோரு நிமிடம்

என் வேலைக்காலத்தில் நான் வாங்கிய ஒரே மெமோ, ஒரு கதவை மூடவிடாமல் நின்றதற்காக வாங்கியது. ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தியவர்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கல்கத்தா ஆஸ்பத்திரிகளில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து மலர் போடுவதாகவும், என் அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டீர்கள். பொறுமை, புன்னகை, சேவை என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். அந்த மெமோவைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. உசிலம்பட்டியிலிருந்து லாரி கிளீனராகக் கிளம்பினேன். நாக்பூரில் ஆரஞ்சுப் பெட்டிக்கு ஆணி அடித்தேன். விசாகப்பட்டினம் துறைமுகக் கேன்டீனில் பாத்திரம் கழுவினேன். கரக்பூரில் ஒரு மெஸ்ஸில் மாவு அரைத்தேன். எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் கால் நின்றதில்லை. ஹவுராவில் இறங்கியபோது தோளில் ஒரு பையும் காலில் ஒரு புண்ணும் இருந்தன. புண்ணைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லை என்றார்கள். புண் ஆறியது, நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவ்வளவுதான். இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை.

கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கதிர்வீச்சுப் பிரிவில் அட்டெண்டராக இருந்தேன். ரெக்டம் என்னும் மலக்குடலில் புற்றுநோய் வந்தவர்களுக்கு, ஆபரேஷனுக்கு முன்னால், உள்ளிருந்தே கதிர் கொடுக்கும் சிகிச்சை அங்கே நடந்தது. உங்களுக்கு வகுப்பில் படம் போட்டுச் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்த விதத்தில் சொல்கிறேன். விரலைவிடக் கொஞ்சம் பருமனான, வளையக்கூடிய ஒரு குழாயை ஆசனவாய் வழியாகக் கட்டி இருக்கும் இடம் வரைக்கும் செலுத்துவார்கள். ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போடுவார்கள். பிறகு நோயாளியைத் தடித்த சுவர் வைத்த அறையில் தனியாகப் படுக்கவைத்துக் கதவைச் சாத்துவோம். வெளியே இருந்து பொத்தானை அழுத்தினால், அரிசி மணி அளவுள்ள கதிர்ப்பொருள் ஒரு கம்பியின் நுனியில் ஏறி அந்தக் குழாய்க்குள் போகும். சொன்ன இடத்தில் சொன்ன நேரம் நின்றுவிட்டு இயந்திரத்துக்கே திரும்பிவிடும். பத்து நிமிடம் போல ஆகும். இப்படித் தொடர்ந்து நாலு நாள். கட்டி சுருங்கச் சில வாரம் காத்திருந்து, அப்புறம் ஆபரேஷன்.

இத்தனை பெரிய இயந்திரமும் ஒரு பேனாக் கோட்டை நம்பித்தான் இருக்கிறது. குழாய் உடம்பை விட்டு வெளியே வரும் இடத்தில், குழாயின் மேல் ஒரு கோடு போடுவார்கள். கோடு தோலோடு ஒட்டி நின்றால் குழாய் தன் இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கோடு வெளியே வந்துவிட்டால், உள்ளே போகும் கதிர் கட்டியை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் நல்ல சதையைச் சுடும். குழாய் நகராமல் பிடிப்பதற்கு ஒரு பிடிப்பான் உண்டு. எங்களுடைய பிடிப்பானில் திருகு தேய்ந்துபோயிருந்தது. புதுத் திருகு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, மழைக்காலம் முடிந்து, துர்கா பூஜையும் முடிந்துவிட்டது. அதுவரைக்கும் தற்காலிகமாகப் பிளாஸ்டர் போட்டு ஒட்டுங்கள் என்று உத்தரவு. தற்காலிகம் என்று சொன்ன எதுவும் அந்தக் கட்டடத்தில் தற்காலிகமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கதவைச் சாத்துவதற்கு முன்னால் கோட்டைப் பார்ப்போம். சிகிச்சை முடிந்த பிறகு பார்க்கும் வழக்கம் கிடையாது. முடிந்த பிறகு பார்த்து என்ன ஆகப்போகிறது என்பது எல்லோருடைய எண்ணமும். என் எண்ணமும் அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் வெங்கட்ராமன் வந்தார்.

வந்தார் என்று மரியாதையாக நான் எழுதுகிறேன். எங்கள் பிரிவில் அவரை வரவேற்ற விதம் இது: டெக்னீஷியன் பிரபு கதவைத் திறந்து தலையை நீட்டி, வராந்தா முழுக்கக் கேட்கும்படி, "ரெக்டம் யாரு? ரெக்டம் வாங்க!" என்று கூப்பிட்டான். பிரபு திருநெல்வேலிப் பையன், கெட்டிக்காரன், கெட்டவன் இல்லை. அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நோயாளிக்கு வீட்டில் வைத்த பெயர் எங்கள் வாசலோடு போய்விடும். உள்ளே வந்தால் எந்த உறுப்பு கெட்டதோ அதுதான் பெயர்.

பெஞ்சிலிருந்து ஒரு மனிதர் எழுந்தார். அறுபது வயதிருக்கும். பலகை மாதிரி தோள். குளோரின் தண்ணீரில் வெளுத்துப்போன தலைமுடி.

"ரெக்டம் வந்தாச்சு. அதைத் தூக்கிண்டு வெங்கட்ராமன்னு ஒருத்தனும் வந்திருக்கான். அவனுக்கும் உள்ள இடம் உண்டா?"

வராந்தாவில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பிரபுவின் முகம் சிவந்தது. ஆனால் அடுத்த நோயாளியையும் அப்படியேதான் கூப்பிட்டான்.

வெங்கட்ராமனின் அப்பா ரயில்வே குமாஸ்தா. மகன் பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்கத்தா. வீட்டுக்குள் மட்டும் தமிழ், வாசல் தாண்டினால் வங்காளி. டாக்குரியா ஏரிப் பக்கம் ஒரு கிளப்பில் நீச்சல் கோச். அங்கே பிள்ளைகள் அவரை வெங்கட்-தா, அதாவது வெங்கட் அண்ணா, என்று கூப்பிடுவார்களாம். முதல் நாள் நான் அவருக்கு இனிமா கொடுத்துத் தயார் செய்தபோதே இதெல்லாம் சொல்லிவிட்டார். இந்த ஊர் ஆண்களிடம் வயிறு சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். இசப்கோல் எத்தனை ஸ்பூன், வெந்நீரிலா பாலிலா என்று நமக்கே வைத்தியம் சொல்ல ஆரம்பிப்பார்கள். இவரும் ஆரம்பித்தார். அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டு, அவருக்கு எது முக்கியமோ அதைச் சொன்னார்.

"கட்டி ரொம்பக் கீழ இருக்காம், முத்து. இந்த நாலு நாள்ல நன்னா அடிவாங்கிச் சுருங்கினா, வெட்டிட்டு உள்ளயே தச்சுடலாம், கொஞ்ச மாசம் மட்டும் வயித்துல பை மாட்டிண்டா போறும்னு சர்ஜன் சொல்றார். சுருங்கலைன்னா ஆயுசுக்கும் பைதான்."

"பையோட எத்தனையோ பேரு நல்லாத்தான் இருக்காங்க, சார்."

"தெரியும். நீந்தக்கூட நீந்தலாம். நானே படிச்சேன். ஆனா கரையில உக்காந்திருக்கற அம்மாக்கள் எல்லாம் என் வயித்தையே பாப்பா. கிளப்காரன் மரியாதையா ஒரு நாற்காலி போட்டு ஆபீஸ்ல உக்கார வெச்சுடுவான். தண்ணில இறங்காத கோச் எதுக்கு? எனக்கு இந்த நாலு நாள் சரியா நடக்கணும். அவ்வளவுதான்."

நாலு நாள் சரியாக நடக்க வேண்டும். அந்த மனிதர் எங்களிடம் கேட்டது இது ஒன்றுதான்.

டாக்டர் மேடம் குழாயைப் பொருத்தி, ஸ்கேன் பார்த்து, கோடு போட்டு, கணக்கைச் சரிபார்த்துவிட்டு வெளி நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். வயதான வங்காளி அம்மா, கைராசிக்காரர் என்று பெயர். நான் பிளாஸ்டரை ஒட்டினேன். பிரபு குனிந்து, "சார், பத்து நிமிஷம் அசையக்கூடாது. கல்லு மாதிரி இருக்கணும்," என்றான்.

"அசையாம இருக்கறதெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுக்கணுமா?" என்றார் வெங்கட்ராமன்.

கதவைச் சாத்தினோம். கேமரா திரையில் பார்த்தால் ஆள் ஓவியம் மாதிரிக் கிடந்தார். சிலர் உள்ளே அழுவார்கள், சிலர் காலை ஆட்டுவார்கள், சிலர் தெய்வத்தைக் கூப்பிட்டுக் கும்பிடக் கையைத் தூக்குவார்கள். இவரிடம் ஒரு அசைவும் இல்லை.

"பாருங்க அண்ணாச்சி," என்றான் பிரபு, "என்னமா படுத்திருக்காரு! எல்லாரும் இப்படி இருந்தா நம்ம பொழப்பு எவ்வளவு சுளுவா இருக்கும்."

முடிந்தது. இயந்திரம் கதிரை உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே போய்ப் பிளாஸ்டரை உரித்தேன். கோடு தோலில் இல்லை. ஒரு விரற்கடை வெளியே தள்ளி நின்றது.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின வாரம்தான், ஸ்கேன் அறை ட்ராலியில் ஒரு சக்கரம் இழுக்கிறது, நோயாளி குலுங்குகிறார் என்று ஆபீஸில் சொல்லப்போய், "உன் வேலை ட்ராலியைத் தள்ளுவது" என்று கேட்டு வந்திருந்தேன். அது ஒரு சாக்கு. பிளாஸ்டரை உரிக்கும்போது என் கையே குழாயை இழுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது இன்னொரு சாக்கு. மேடம் வந்து குழாயை எடுத்துவிட்டுப் போனார். பிரபு பதிவேட்டில் 'சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, சிக்கல் ஏதும் இல்லை' என்று எழுதினான். நான் தரையைத் துடைத்தேன்.

மறுநாள் காலை அவரைத் தயார் செய்தபோது, கோட்டைப் பற்றி நேராகக் கேட்கத் தைரியம் வராமல், சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"நேத்து உள்ள படுத்திருந்தப்ப என்ன சார் பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"என்ன பண்றது? ஒண்ணும் பண்ணக்கூடாதுன்னுதானே சொன்னேள்."

"மூச்சு?"

"பிடிச்சுண்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"தம் இருக்கற வரைக்கும். ஒரு நிமிஷம், ஒண்ணே கால் நிமிஷம். விட்டுட்டு ஒரு வாய் வாங்கிண்டு மறுபடியும். வயித்தை நன்னா இறுக்கிண்டா இன்னும் கொஞ்சம் நிக்கும். ஏன் கேக்கறேள்? கல்லு மாதிரி இருக்கச் சொன்னான் அந்தப் பையன். மூச்சு விடற கல்லு எங்க இருக்கு?"

மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கினால் கீழே என்ன ஆகும் என்பது கக்கூஸில் உட்கார்ந்த எவனுக்கும் தெரியும். அதற்குப் பட்டம் வேண்டாம். நாற்பது வருஷம் தண்ணீருக்குள் தம் பிடித்துப் பழகிய மனிதரைக் கல் மாதிரி இரு என்று சொல்லிவிட்டோம். அவர் எங்களுக்கு ஒத்துழைப்பதாக நினைத்து, முழு பலத்தையும் போட்டுக் குழாயை வெளியே தள்ளியிருக்கிறார். கேமராவில் பார்த்து நாங்கள் மெச்சியிருக்கிறோம்.

கோபம் எனக்கு எங்கே வந்தது தெரியுமா? இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவைப்படவில்லை. என்ன செய்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி. அதை அந்த மனிதரிடம் யாருமே கேட்கவில்லை. அவர் உடம்பைப் பற்றி அறைக்குள் நாலு பேர் நாலு பாஷையில் பேசினோம். அவரோடு ஒருவரும் பேசவில்லை.

பிரபுவிடம் போய்ச் சொன்னேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் அன்றைய தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நேத்து கோடு வெளிய வந்திருந்துச்சு தம்பி. மேடத்தைக் கூப்பிடு. இன்னிக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவங்க பாக்கணும்."

"நீங்க பிளாஸ்டரைப் பிச்சதுல வந்திருக்கும் அண்ணாச்சி."

"இல்ல. மூச்சு அடக்கியிருக்காரு. அதுல தள்ளியிருக்கு."

"சரி, இன்னிக்கு மூச்சு விடச் சொல்லிருவோம். முடிஞ்சுதுல்ல?"

"நேத்து போனது? அதுக்கு யாரு பதில்? கட்டிக்குப் போக வேண்டியது எங்க போச்சுன்னு அவங்க கணக்குப் பாக்க வேணாமா?"

பிரபு குரலைத் தாழ்த்தினான். "ரெஜிஸ்டர்ல எழுதியாச்சு அண்ணாச்சி. வெளிய ஆறு பேரு உக்காந்திருக்காங்க. மேடம் ஓபிடில இருக்காங்க, கூப்பிட்டா கத்துவாங்க. கோட்டைப் பாக்கறதெல்லாம் எங்க வேலை. ஏழாங்கிளாஸ்ல இதெல்லாமா சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?"

"இல்லப்பா. கோடு போடறது ஆறாங்கிளாஸ்லயே முடிஞ்சுருச்சு."

அவன் சிரிக்கவில்லை. நான் அடுத்த நோயாளியைத் தயார் செய்யப் போயிருந்த நேரத்தில் மேடம் வந்து குழாயைப் பொருத்தி, ஸ்கேன் பார்த்து, கோடு போட்டுவிட்டு ஓபிடிக்கே திரும்பிவிட்டார். கோடு தோலில் சரியாக இருந்தது. வெங்கட்ராமனை அறைக்குள் படுக்கவைத்தோம். பிரபு வெளியே வந்து கதவுப் பொத்தானை அழுத்தினான். அந்தக் கதவு கனமானது, பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்து மூடும். வாசலில் ஆள் நின்றால் மூடாது. அது மூடாமல் இயந்திரம் ஓடாது. இவ்வளவு வருஷம் அந்த வாசல் வழியாக ட்ராலி தள்ளியவனுக்கு இது தெரியாதா?

போய் நடுவாசலில் நின்றேன்.

"அண்ணாச்சி, வெளையாடாதீங்க."

"மேடம் வரட்டும்."

"வேலை போயிரும் உங்களுக்கு."

"போகட்டும். இது எனக்குப் பதினஞ்சாவது வேலை."

அது உண்மை. நாடோடியாகத் திரிந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே சொத்து இதுதான்: வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். ஒன்றும் ஆகாது. கொஞ்சம் பசிக்கும், அப்புறம் இன்னொரு வேலை கிடைக்கும்.

உள்ளே இருந்து வெங்கட்ராமன் கேட்டார்: "என்ன முத்து, இடைவேளையா? முறுக்கு விப்பாளா?"

"கொஞ்சம் பொறுங்க சார். உங்க விஷயமாத்தான்."

செக்யூரிட்டிக்காரரைக் கூப்பிட்டார்கள். தினமும் என்னோடு டீ குடிப்பவர். வந்து தூரத்தில் நின்றுகொண்டு, "கீ ஹோலோ, முத்து-தா?" என்று என்ன ஆச்சு என்பதைப் பாதி வருத்தமாகக் கேட்டார். என்னைத் தொடவில்லை. நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள். வராந்தாவில் காத்திருந்தவர்கள், இயந்திரம் வெடித்துவிட்டதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

மேடம் வந்தார். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது.

"முத்து, இது ட்ராம் இல்லை, படியில் தொங்கிக்கொண்டு வருவதற்கு. நகரு."

அவர் வங்காளியில் சொன்னார். நானும் என் உடைந்த வங்காளியில்தான் பதில் சொன்னேன். "மூன்று நிமிடம் கொடுங்கள் மேடம். இயந்திரத்தை ஓட்ட வேண்டாம், கதவைச் சாத்த வேண்டாம். நேற்று எப்படிப் படுத்திருந்தாரோ அப்படியே அவர் படுக்கட்டும். நீங்கள் கோட்டைப் பாருங்கள். அது நகரவில்லை என்றால் நானே கேட் வரை நடந்து போய்விடுகிறேன்."

பிரபு ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேடம் கையை உயர்த்தினார். கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போய், சின்ன டார்ச்சை எடுத்துக் குனிந்தார்.

"நேற்று மாதிரியே செய்யுங்கள்," என்றார் அவரிடம்.

வெங்கட்ராமன் ஒரு வாய் காற்றை இழுத்தார். நெஞ்சு உயர்ந்து நின்றது. முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. பிரபு என்னைப் பார்த்தான். இரண்டாவது தடவை கோட்டுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு வெள்ளை தெரிந்தது, வளர்ந்த நகத்தின் நுனி அளவு. மூன்றாவது தடவை அவர் மூச்சை விட்டபோது பிளாஸ்டரின் ஓரம் சுருண்டு, கோடு ஒரு விரற்கடை வெளியே வந்து நின்றது.

மேடம் டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நேற்றும் இப்படியா?"

"ஆமாம் மேடம்."

"நேற்றே ஏன் சொல்லவில்லை?"

அங்கே நின்ற அத்தனை பேர் முன்னாலும் ட்ராலிச் சக்கரத்தைப் பற்றியா சொல்வது?

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். ஆஸ்பத்திரிப் பட்டறைக்கு மேடமே போன் போட்டுக் கத்தினார். மழைக்காலம் முழுக்க வராத திருகு, முக்கால் மணி நேரத்தில் வந்தது. பட்டறை ஆள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். பிடிப்பானை மாட்டினார்கள். குழாயை மறுபடி பொருத்தி, மறுபடி ஸ்கேன் எடுத்து, கோடு போட்டார்கள். முதல் நாள் கட்டியின் மேல் பகுதிக்குக் குறைவாகப் போயிருக்கிறது, கீழே வேண்டாத இடத்தில் பட்டிருக்கிறது என்று கணக்கில் வந்தது. மீதி நாட்களில் எப்படி ஈடுகட்டுவது என்று புதிதாகக் கணக்குப் போட்டார்கள்.

கதவு மூடியதும், உள்ளே இருப்பவரோடு பேசும் மைக்கை என்னிடம் கொடுக்கச் சொன்னார் மேடம். வெங்கட்ராமனுக்கு மூச்சு விடுங்கள் என்று சொன்னால் போதாது. தனியாகப் படுத்ததும் அந்த உடம்பு தானாகவே தம் பிடித்துக்கொள்ளும்.

"சார், கிளப்புல பிள்ளைங்க தண்ணிக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மூஞ்சி வீங்கி நின்னா என்ன சொல்வீங்க?"

ஸ்பீக்கரில் அவர் குரல் கரகரத்தது. "ஊதுடா கழுதை, குமிழி வரட்டும்னு சொல்வேன்."

"அதைச் செய்யுங்க."

திரையில் அவர் உதடு குவிந்தது. நெஞ்சு மெல்ல ஏறியது, இறங்கியது. பத்து நிமிடமும் நான் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தேன். கரக்பூர் மெஸ்ஸில் உப்புக்குப் பதில் சோடா மாவு போட்ட கதையைக்கூடச் சொன்னேன். முடிந்ததும் முதல் வேலையாகக் கோட்டைப் பார்த்தோம். பிரபுதான் குனிந்து பார்த்தான். கோடு தோலிலேயே இருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "ஈடுகட்டிவிடலாம். நோயாளியைக் கலவரப்படுத்த வேண்டாம்," என்றார். நல்ல மனுஷி. நல்ல மனுஷியும் அப்படித்தான் சொன்னார். இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்பீர்கள். கலவரப்படுத்த வேண்டாம் என்று சொல்லும்போது யாருடைய கலவரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது வெங்கட்ராமன் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"முத்து, இன்னிக்கு மூணு தடவை தம் பிடிச்சதுக்கே குழாய் வெளிய வந்துடுத்து. நேத்து பத்து நிமிஷம் பிடிச்சேனே. அது என்ன ஆச்சு?"

நாற்காலியை நிறுத்தினேன். முன்னால் வந்து, கீழே உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். நேற்றே பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன்.

அவர் என்னை அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது.

"குளத்துல ஒரு குழந்தைக்கு முட்டில சிராய்ச்சாக்கூட அவ அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்றவன் நான். எனக்குள்ள நடந்தது எனக்குத் தெரியக் கூடாதா? நான் ரெக்டம் மட்டும்தானா உங்களுக்கு?"

எழுந்துவிட்டார். ஆஸ்பத்திரி கவுனோடு, முதுகுப்பக்கம் நாடா அவிழ்ந்து தொங்க, வெறுங்காலோடு மேடத்தின் அறைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடி நாடாவைக் கட்டினேன். அவர் கதவைத் தட்டவில்லை, திறந்தார். வங்காளியில் அவர் கத்தியது மாடி வரைக்கும் கேட்டது. பிறகு சத்தம் அடங்கியது. நான் எட்டிப் பார்த்தபோது மேடம் ஒரு தாளில் படம் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். "நான் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்," என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. டாக்டர் ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. சொன்னபோது கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

வெங்கட்ராமன் கதையை முடித்துவிடுகிறேன். மிச்ச இரண்டு நாளும் சரியாக நடந்தது. கட்டி சுருங்கியது. ஆபரேஷனில் உள்ளேயே தைத்துவிட்டார்கள். சில மாதம் பை வைத்திருந்து, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். கிளப்பில் தண்ணீரில்தான் நிற்கிறார். இப்போதும் எப்போதாவது போன் செய்து, "முத்து, ஊதிண்டிருக்கேளா?" என்பார்.

இதனால் என் ஆத்திரம் ஆறியிருக்கும் என்று நினைக்காதீர்கள். அதிகம்தான் ஆயிற்று. பிரிவில் எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பார்த்தாயா முத்து-தா, ஒன்றும் ஆகவில்லையே, அதற்கா அவ்வளவு கலாட்டா?" அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவர் உடம்பின் நல்ல காலம். எங்கள் வேலை சரியாக நடந்தது என்பதற்கு அது சாட்சி இல்லை. அவருக்கு முன்னால் பிளாஸ்டரோடு படுத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் பயத்தில் மூச்சை இறுக்கினார்கள்? அவர்கள் கோடு எங்கே நின்றது? யாரும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. அதைப் போய் இப்போது யாரிடம் கேட்பது?

மெமோ ஒரு வாரம் கழித்து ஆபீஸிலிருந்து வந்தது. இரண்டு குற்றம். ஒன்று, சிகிச்சை அறைக் கதவைப் பதினோரு நிமிடம் மறித்து நின்று பணியைத் தாமதப்படுத்தியது. இரண்டு, தன் பொறுப்புக்கு மீறிய விஷயங்களை நோயாளியிடம் பேசியது. செக்யூரிட்டி டைரியைப் பார்த்து நிமிடத்தை எண்ணியிருக்கிறார்கள். கோட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. திருகைப் பற்றி இல்லை. முதல் நாள் பதிவேட்டில் 'சிக்கல் ஏதும் இல்லை' என்பது அப்படியே இருந்தது. மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று கடைசியில் போட்டிருந்தது.

எனக்கு இங்கிலீஷில் எழுத வராது. தமிழில் எழுதி, சாப்பாட்டு இடைவேளையில் பிரபுவிடம் கொண்டுபோனேன். வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு இஷ்டம் இல்லை. அவனும் நானும் அந்த ஒரு வாரமாகச் சரியாகப் பேசவில்லை. தாளை வாங்கிப் படித்தான். நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'ஐயா, இரண்டாவது குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அவரிடம் சொன்னேன், இனியும் சொல்வேன். முதல் குற்றத்தில் நேரம் தவறாக உள்ளது. நான் பதினோரு நிமிடம் தாமதப்படுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் நாளே பார்த்தேன், மறுநாள்தான் வாசலில் நின்றேன். நான் ஒரு முழு நாள் தாமதம்.'

பிரபு இரண்டு தடவை படித்தான்.

"இத அப்படியே போடவா அண்ணாச்சி?"

"ஒரு எழுத்துக்கூட மாத்தாத."

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இங்கிலீஷில் அடித்தான். அச்செடுத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினான். எனக்கு அந்தப் பாஷை தெரியாவிட்டாலும் பெயர்கள் தெரியும். கீழே என் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயரும் இருந்தது.

"நீ எதுக்குப்பா இதுல?" என்றேன்.

பேனாவைத் திறந்து முதலில் அவன் கையெழுத்துப் போட்டான்.

"நானும் ஒரு நாள் லேட்டுதானே அண்ணாச்சி," என்றான்.